எதிர்க்கடை இல்லாத மருந்து

கல்மண்டபம்காரன் | இரவு 9.12

போன வாரம் இங்கே ஐசிஎப் ஐயா ஒரு பதிவு போட்டிருந்தார். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: மருந்துக்கென்று கஞ்சாவை அனுமதிக்கலாம், ஆனால் பயிரிடுவதிலிருந்து விற்பது வரை அரசாங்கமே கையில் வைத்துக்கொள்ள வேண்டும், டாஸ்மாக் மாதிரி ஒரு கார்ப்பரேஷன் போட்டுவிட்டால் தப்புத்தண்டா நடக்காது என்கிறார். நிறைய பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். நான் போடவில்லை. ஏன் என்று அங்கேயே எழுதினால் கமெண்டுகளுக்கு அடியில் போய்விடும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

கஞ்சா மருந்தா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அரசு ஒரே கடைக்காரனாக இருந்தால் நோயாளி என்ன ஆவான் என்பதுதான் என் கேள்வி. பதில் எனக்குத் தெரியும், வேறொரு மருந்தில் பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கடைசி ஒன்றரை வருடம் மார்பின் மாத்திரை, அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து. அதுவும் அரசு பூட்டிவைத்துக் கொடுக்கும் சரக்குதான். தனி அலமாரி, தனி நோட்டு, தனிக் கையெழுத்து. ஒரு வெள்ளிக்கிழமை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா அலமாரியைத் திறந்தே காட்டினார். மேல்தட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி, அதற்குள் நாலைந்து ரப்பர் பேண்டு. "ஸ்டாக் வரல தம்பி, செவ்வாய்க்கிழமை வந்து பாருங்க." வெளியே வந்தால் எதிரே வரிசையாக மெடிக்கல் ஷாப். சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ உள்ளே தீர்ந்துவிட்டால் எதிர்க்கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். இதற்கு மட்டும் எல்லாக் கடையிலும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை.

அந்த நான்கு ராத்திரியும் அம்மா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். காலையில் கையைத் துடைத்துவிட்டால் துண்டில் துரு.

அரசாங்கக் கஞ்சா வந்தாலும் இதே அலமாரி, இதே ரப்பர் பேண்டுதான்.

---

மெடிக்கல்ஷாப்_மணி | இரவு 9.40

அம்மாவுக்கு நேர்ந்தது கொடுமை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன், பெரம்பூர் பக்கம் பதினாறு வருடமாக. சீட்டைத் தொடாத அந்தக் கடைக்காரர் ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பகுதியில் வலி மாத்திரையை வைத்துப் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கடை மூடுகிற நேரத்துக்கு இரண்டு பேர் பைக்கில் வருவார்கள், ஒருத்தன் இறங்கவே மாட்டான், இன்னொருத்தன் மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டின் ஜெராக்ஸை நீட்டுவான். இல்லை என்றால் முறைப்பான். ஷட்டரை எட்டி உதைத்துவிட்டுப் போனவனும் உண்டு. கஞ்சா எண்ணெயையும் எல்லாக் கடையிலும் வைக்கலாம் என்றால் எனக்கு வேண்டாம் சாமி. அரசே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, சரக்கின் தரம். நெதர்லாந்தில் 2003 முதல் மருந்துக் கஞ்சாவை டாக்டர் சீட்டுக்கு மருந்துக்கடையில் கொடுக்கிறார்கள். அரசு அலுவலகம் ஒன்று மொத்தமாக வாங்கி, பரிசோதித்து, டப்பாவில் அடைத்து அனுப்புகிறது. ஒரு ரகத்தில் டிஎச்சி, அதாவது போதை தரும் பொருள், 22 சதவீதம் என்றால் இந்த மாதம் வாங்கினாலும் அடுத்த வருடம் வாங்கினாலும் அந்த அளவுதான். டோஸ் என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம். பொட்டலத்தில் டோஸ் கிடையாது.

---

எண்ணூர்_புகை | இரவு 9.44

எண்ணூரில் நாங்கள் வருடக்கணக்காக இலவசமாக ஆலைப் புகை இழுத்துக்கொண்டிருக்கிறோம், டோஸ் எவ்வளவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

---

தண்டையார்பேட்டை_தமிழரசி | இரவு 10.05

மணி அண்ணா சொல்லும் நெதர்லாந்துக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அங்கே ஆரம்பத்தில் மருந்துக்கடைச் சரக்கு, காபி ஷாப் என்ற பெயரில் கஞ்சா விற்கும் கடைகளில் இருப்பதைவிட விலை அதிகம் என்று நோயாளிகளே காபி ஷாப் பக்கம் திரும்பிப் போனார்கள். பரிசோதனை, கிருமி நீக்கம், வரி, கடைக்காரர் கட்டணம் எல்லாம் நோயாளி தலையில்.

என் அக்கா கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அத்தானுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், கால் விறைத்துக்கொள்ளும், ராத்திரியில் கட்டை மாதிரி ஆகிவிடும். அதனால் கனடா கதையை நான் கொஞ்சம் தேடிப் படித்தவள். அங்கே நீதிமன்றம் குட்டிய பிறகுதான் அரசு 2001 இல் மருந்துக்கென்று விதி போட்டது. நோயாளிகளுக்காகப் பயிரிட ஒரே ஒரு கம்பெனியிடம் ஒப்பந்தம். எங்கே பயிரிட்டார்கள் தெரியுமா, மானிடோபாவில் ஃப்ளின் ஃப்ளான் என்ற ஊரில், செம்பும் துத்தநாகமும் தோண்டிய சுரங்கத்துக்குள்! வெயிலே படாத இடத்தில் விளக்கு போட்டு வளர்த்தார்கள். திருட்டுப் போகாதாம். 2003 இல் கிராம் ஐந்து டாலர் என்று விற்க ஆரம்பித்தார்கள். ஒரே ரகம், காம்பும் இலையும் சேர்த்து அரைத்த தூள். இது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நோயாளிகள் உண்டு. அனுப்பிவிட்டு எங்கே போவது? ஒன்று தானே வளர்க்க அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் சட்டத்துக்கு வெளியே இருந்த சங்கங்களிடம் போக வேண்டும். மாற்றி வாங்க இன்னொரு கடை இல்லை. கல்மண்டபம் அண்ணா சொல்வது அதைத்தானே.

---

ஐசிஎப்_ஓய்வு | இரவு 10.31

என் பதிவை வைத்துத் தனிப் பஞ்சாயத்தே நடக்கிறது போலிருக்கிறது, சந்தோஷம்.

தம்பி கல்மண்டபம், டாஸ்மாக் என்று நான் எழுதியது பலருக்கு உறுத்திவிட்டது. சரி, அதை விடுங்கள். 1994 இல் இதே தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இருந்த லட்சணம் எங்கள் வயசுக்காரர்களைக் கேளுங்கள். சீட்டு மட்டும்தான் இலவசம். கழகம் வந்த பிறகு மொத்தக் கொள்முதல், மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு எடுத்தது என்று பாஸ்புக், வந்த மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகே வெளியே விடுவது. கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. அரசாங்கம் என்றாலே தட்டுப்பாடு என்று எழுதுவது நியாயம் இல்லை. நான் இன்றைக்கும் பிரஷர் மாத்திரையை அங்கே இருந்துதான் வாங்குகிறேன், பத்து வருடத்தில் ஒருநாள் வெறுங்கையோடு வந்ததில்லை.

---

கல்மண்டபம்காரன் | இரவு 10.58

ஐயா, நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், எனக்குத்தான் உதவுகிறது. கழகம் மாத்திரை செய்வதில்லை. டெண்டர் விட்டுப் பல கம்பெனிகளிடம் வாங்குகிறது. ஒருவன் சொதப்பினால் அடுத்தவன். அப்படியும் தீர்ந்துபோனால் எதிர்க்கடை இருக்கிறது. ஒருநாள் கிடைக்காமல் போயிருந்தாலும் உங்கள் உயிர் ஊசலாடியிருக்காது, நாற்பது ரூபாய் செலவாகியிருக்கும், அவ்வளவுதான். நல்ல நிர்வாகமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வேறு வழியும் இருக்கிறது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

மார்பினுக்கு அது கிடையாது. அபினியைப் பதப்படுத்துவது, அதிலிருந்து மார்பின் போன்ற ஆல்கலாய்டு பிரிப்பது எல்லாம் அண்மைக்காலம் வரை காஜிப்பூரிலும் நீமச்சிலும் இருக்கும் மத்திய அரசு ஆலைகளில்தான். அவை எந்தத் துறையின் கீழ் வருகின்றன தெரியுமா ஐயா? சுகாதாரத் துறை இல்லை. நிதி அமைச்சகம், வருவாய்த் துறை. சட்டப்படி அபினி விளையும் நாடு, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு, வலி மாத்திரை இல்லாமல் இந்த ஊர்ப் புற்றுநோயாளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். இது என் வீட்டுக்கதை மட்டும் இல்லை, கேரளாவில் வலி தணிப்பு மருத்துவம் பார்க்கும் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் முப்பது வருடமாகப் பேசிவரும் விஷயம்.

---

வியாசை_வக்கீல் | இரவு 11.20

சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நாளைக்கு ஆஜராக வேண்டும்.

என்டிபிஎஸ் சட்டம் 1985, அதாவது போதைப்பொருள் சட்டம். அதில் கஞ்சா என்றால் பூ அல்லது காய் விட்ட நுனி. பூவோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் பக்கம் அந்த இலையில் செய்யும் பாங் விற்கும் கடைக்கு அரசே உரிமம் கொடுக்க முடிகிறது. ஆயுர்வேதத்தில் விஜயா என்று பெயர் வைத்து இலை எண்ணெய் விற்கிறார்கள். நம் சித்தர்கள் கோரக்கர் மூலி என்றார்கள். மருத்துவத்துக்காகப் பயிரிட அனுமதி கொடுக்க மாநில அரசுக்குப் பத்தாவது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆக, சட்டத்தில் கதவு இருக்கிறது, சாவி ஆபீசில் இருக்கிறது.

மார்பினுக்கு வருவோம். 1985 க்குப் பிறகு பயன்பாடு சரிந்தது தட்டுப்பாட்டால் மட்டும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி அதை வைத்திருக்க நாலைந்து லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, வெவ்வேறு துறையில். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதி. தப்பினால் சிறை என்ற பயத்தில் ஆஸ்பத்திரிகள் ஒதுங்கிக்கொண்டன. 2014 இல் திருத்தம் கொண்டுவந்து மார்பின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்து என்று தனியாக வைத்தார்கள், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இருபத்தொன்பது வருடம் ஆயிற்று இதற்கு. கஞ்சாவுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தில் வலிப்பு வரும் குழந்தைக்காகப் பூவிலிருந்து எடுத்த எண்ணெய் வாங்கும் தகப்பனும் பொட்டலம் வைத்திருப்பவனும் ஒரே பிரிவில்தான் வருவார்கள். பொட்டலக் கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறு அளவு, ஒரு வருடம் வரை சிறை. கடையில் ஸ்டாக் இல்லை என்பது நீதிமன்றத்தில் வாதம் ஆகாது.

---

எண்ணூர்_புகை | இரவு 11.24

ஹோலி அன்றைக்கு சௌகார்பேட்டையில் தண்டாய் கொடுத்தார்கள். வக்கீல் சார் சொன்ன இலையா என்று கேட்கவில்லை. கேட்டால் இரண்டாவது டம்ளர் கிடைக்காது.

---

மெடிக்கல்ஷாப்_மணி | காலை 7.05

எல்லோரும் அரசை மட்டும் போட்டு மொத்துகிறீர்கள். தனியாரிடம் கொடுத்த கதையையும் பேசுவோம்.

அதே கனடாவில் 2014 க்குப் பிறகு உரிமம் வாங்கிய தனியார் கம்பெனிகள்தான் மருந்துக் கஞ்சா விற்றன. 2016 கடைசி, 2017 தொடக்கத்தில் சில கம்பெனிகளின் சரக்கில் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி இருந்தது தெரிந்து திரும்பப் பெற்றார்கள். சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரும் பொருள் அது. நுரையீரல் போன நோயாளியும் கீமோ எடுக்கிறவரும் அதை இழுத்திருக்கிறார்கள்.

இஸ்ரேல்? அங்கே முன்பு நோயாளி ஒரு பண்ணையோடு பதிவு செய்துகொள்வார், எத்தனை கிராம் சீட்டில் இருந்தாலும் மாதம் 370 ஷெகல் கட்டினால் போதும். 2019 இல் சீர்திருத்தம் என்று சொல்லி மருந்துக்கடைகளுக்கு மாற்றினார்கள். விலைக்கட்டுப்பாடு போயிற்று, விலை ஏறியது, பழக்கப்பட்ட ரகங்கள் காணாமல் போயின, நோயாளிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எதிர்க்கடை எதிர்க்கடை என்கிறீர்களே, அங்கே எதிர்க்கடை வந்த பிறகுதான் கஷ்டம் வந்தது.

---

கல்மண்டபம்காரன் | காலை 8.30

இஸ்ரேல் நல்ல அடி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், பழைய முறையிலும் பல பண்ணைகள் இருந்தன, அரசு பயிரிடவில்லை. விலையை மட்டும் கட்டி வைத்திருந்தது. அது எனக்குச் சம்மதம்தான். பூச்சிமருந்து விஷயத்திலும், அரசு பரிசோதிப்பதை யார் வேண்டாம் என்றார்கள்? எடைக்கல்லில் முத்திரை குத்துகிறவரே மளிகைக் கடையும் வைக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். தானே பரிசோதித்து, தானே விற்றால், சரக்கு மட்டம் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இலங்கையில் ஆயுர்வேத வைத்தியர்களுக்குக் கஞ்சா சட்டப்படியே கிடைக்கும், அரசு வழியாக. எப்படிப்பட்ட கஞ்சா? போலீஸ் பிடித்தது. வழக்கு முடியும் வரை கோர்ட்டுக் கிடங்கில் கிடந்து வருடக்கணக்கில் மக்கிய பிறகு வைத்தியர் கைக்கு வரும். வீரியமே போய்விடுகிறது என்று 2017 இல் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சரே சொல்லி, அரசே பயிரிடும் திட்டம் பேசினார். மருந்து என்று கொடுத்தது வைக்கோல்.

அமெரிக்காவில் 1978 இல் ஒரு கிளாக்கோமா நோயாளி வழக்குப் போட்டதில் மத்திய அரசே சிலருக்குக் கஞ்சா சிகரெட் அனுப்ப ஆரம்பித்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அரசுத் தோட்டத்தில் விளைந்தது, தகர டப்பாவில் 300 சிகரெட். எய்ட்ஸ் நோயாளிகள் விண்ணப்பிக்க ஆரம்பித்ததும் 1992 இல் புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு ஆபீசில் ஒரு முடிவு, அவ்வளவுதான். ஒரே கடை என்றால் ஒரே ஷட்டர்.

---

தண்டையார்பேட்டை_தமிழரசி | காலை 9.15

2018 அக்டோபரில் கனடா எல்லோருக்கும் கஞ்சாவைத் திறந்துவிட்டபோது நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் மாநில அரசுக் கடைகள் மட்டும்தான். இரண்டே வாரத்தில் சரக்கு இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் கடையைச் சாத்தினார்கள். மருந்துக்கு வாங்குகிறவர்களுக்குத் தனி வழி, உரிமம் பெற்ற கம்பெனியிலிருந்து தபாலில் வரும், ஆனால் விளைச்சல் ஒன்றுதானே? கொண்டாட்டத்துக்கு வாங்கும் கூட்டம் முன்னால் நின்றால் நோயாளி பின்னால் போகிறான். அத்தானுடைய எண்ணெய் அந்தக் குளிர்காலத்தில் "தற்போது இருப்பில் இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது. வேறொரு எண்ணெய் அனுப்பினார்கள், பெயர் வேறு, அளவு வேறு. அக்கா சமையல்கட்டு மேசையில் இரண்டு சீசாவையும் வைத்துக்கொண்டு சொட்டுக்கணக்கு எழுதிய தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நாலு தடவை அடித்து அடித்துத் திருத்தியிருந்தாள். முதல் வாரம் அத்தான் பகலெல்லாம் தூங்கினார், இரண்டாவது வாரம் ராத்திரியெல்லாம் கால் இழுத்தது.

இதில் வரி வேறு. மற்ற டாக்டர் சீட்டு மருந்துக்கு இல்லாத விற்பனை வரி இதற்கு உண்டு, கலால் வரியும் உண்டு. மருந்து என்றும் சொல்வார்கள், சாராயம் மாதிரியும் வசூலிப்பார்கள்.

---

ஐசிஎப்_ஓய்வு | காலை 10.02

அம்மா தமிழரசி, வரி விஷயம் சரிதான். எனக்கே இப்போதுதான் உறைக்கிறது, நான் டாஸ்மாக் மாதிரி என்று எழுதியதே அந்தப் புத்தியில்தான் வந்திருக்கும். 2003 இல் சில்லறை விற்பனையையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு வருமானம் கூடக்கூட அதை விட முடியாமல் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். நோயாளி தலையில் அப்படி ஒரு பட்ஜெட் வரி உட்காரக் கூடாது.

ஆனாலும் மொத்தத்தில் என் கட்சி மாறவில்லை. தனியாரிடம் விட்டால் விளம்பரம் வரும், மூட்டுவலிக்கு, முடி கொட்டுவதற்கு, தூக்கத்துக்கு, பரீட்சைக்கு என்று விற்பார்கள்.

---

மெடிக்கல்ஷாப்_மணி | காலை 10.20

ஐயா கடைசியில் சொன்னதற்குத்தான் வருகிறேன். கஞ்சாவிலிருந்து வந்தவற்றில் சான்று கெட்டியாக இருப்பது கொஞ்சத்துக்குத்தான். குழந்தைகளுக்கு வரும் அரிய வலிப்பு வகைகளுக்கு, கஞ்சாவில் போதை தராத பொருளான சிபிடியில் செய்த மருந்து ஒன்றை அமெரிக்கா 2018 இல் ஏற்றது, கீமோ வாந்தி, தமிழரசி அத்தானுக்கு வந்தது போன்ற விறைப்பு. மற்ற வலிகளுக்கு ஓரளவுதான் கேட்கும் என்கிறார்கள். தாய்லாந்தில் அரசு மருந்து நிறுவனம்தான் முதலில் எண்ணெய் தயாரித்தது. போலீஸ் பிடித்துவைத்த கஞ்சாவைச் சோதித்துப் பார்த்து, பூச்சிமருந்தும் கன உலோகமும் இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, புதிதாக வளர்த்தார்கள். இலங்கை மாதிரி வைக்கோல் கொடுக்கவில்லை. அரசு ஒழுங்காகச் செய்ததும் உண்டு.

---

வியாசை_வக்கீல் | மதியம் 1.40

மணி, தாய்லாந்தில் பாதியைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்கள். தேச்சா சிரிபத்ரா என்று ஒருவர், நாட்டு வைத்தியர் மாதிரி, பல வருடம் நோயாளிகளுக்கு எண்ணெய் காய்ச்சி இலவசமாகக் கொடுத்தவர். மருந்துக் கஞ்சாவுக்குச் சட்டம் வந்த பிறகு, 2019 ஏப்ரலில் அவருடைய இடத்தில் ரெய்டு. அரசு எண்ணெயின் முதல் தவணை ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. நடுவில் இருந்த மாதங்களில் அவருடைய நோயாளிகள் என்ன செய்தார்கள்? கூச்சல் எழுந்த பிறகு அவருடைய முறையையே அரசு அங்கீகரித்தது, அது வேறு விஷயம்.

இடைவேளை முடிந்தது, வருகிறேன்.

---

மெடிக்கல்ஷாப்_மணி | மதியம் 2.10

அந்த நான்கு மாதம், ஒப்புக்கொள்கிறேன். புதுக்கடை திறக்கும் முன் பழைய கடையைச் சாத்தக் கூடாது.

என் கவுண்டரில் மட்டும் வைக்காதீர்கள்.

கல்மண்டபம், ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். அம்மா மாத்திரை வீட்டில் மிச்சம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் வைத்திருக்காதீர்கள். நம் தெருவில் பையன்கள் இருக்கிறார்கள், காலம் சரியில்லை.

---

கல்மண்டபம்காரன் | மதியம் 2.55

பதினோரு மாத்திரை இருக்கிறது அண்ணே. கடைசியாக வாங்கிய பட்டை, காரியம் முடிந்த அடுத்த வாரமே கொண்டுபோனேன். அதே கவுண்டர், அதே அம்மா. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொடுப்பதற்குத்தான் கட்டம் போட்டிருக்கிறது, திரும்ப வாங்கினால் எதில் எழுதுவது என்று கேட்டார். மேலே போய் யாரையோ கேட்டுவிட்டும் வந்தார். அன்றைக்கு அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தது.

பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என்னிடம்.